ஹெர்னியா எந்த எடத்துல வந்திருக்கு, எதுக்கு உடனே ஓடணும்: மலையகத்து ஆளுங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொடையிடுக்குலயோ தொப்புள் பக்கத்துலயோ ஒரு கட்டி தள்ளிக்கிட்டு நிக்கும், இருமுனா பெருசாகும், படுத்தா காணாம போயிரும். இதத்தான் ஹெர்னியா, குடலிறக்கம்னு சொல்றாங்க. இப்பிடி வர்றவங்க கிட்டத்தட்ட எல்லாருமே கேக்குற கேள்வி ஒண்ணுதான், "சின்னதாத்தானே இருக்கு, இப்ப அவசரம் இல்லதானே?" நான் சர்ஜிக்கல் வாட்டுல வேல செய்யிற ஆளு, டொக்டர் இல்ல, ஆனா இந்த கேள்விக்கு பதில் சொல்லிச் சொல்லியே வாய் வலிச்சிப்போச்சி. கட்டியோட சைஸ வச்சி ஆபத்த கணக்கு போட முடியாது. தேங்கா அளவுக்கு தொங்குறத பத்து வருஷமா வச்சிக்கிட்டு மலைக்கு போயி வர்ற ஆம்பளைங்கள பாத்திருக்கேன், நெல்லிக்கா அளவு கட்டியோட வந்து குடல வெட்டி எடுக்க வேண்டி வந்த அம்மாயிங்களயும் பாத்திருக்கேன். எந்த எடத்துல வந்திருக்கு, உள்ள திரும்பிப் போகுதா இல்லையா, இந்த ரெண்டும் தெரிஞ்சா பாதி வேல முடிஞ்சிது. அதனால எடத்த வச்சே ஒண்ணொண்ணா சொல்லிட்டு வாறேன்.

மொதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம்

வயித்துக்கு முன்னால தசையும் கெட்டியான சவ்வும் சேந்த ஒரு செவரு இருக்கு. அதுல பொறக்கும்போதே சில எடம் பலம் கொறஞ்சிதான் இருக்கும். ஆம்பளைக்கு விதை வயித்துக்குள்ள இருந்து பைக்கு எறங்கி வந்த வழி, எல்லாருக்கும் தொப்புள்கொடி இருந்த எடம், காலுக்கு போற பெரிய ரத்தக்குழாய் வெளிய வர்ற சந்து, பொறவு எப்பவோ கத்தி வச்சி தச்ச எடம். கொழுந்து சாக்க காலால மிதிச்சி அமுக்குனா சாக்கு கிழியாது, தையல் விட்ட எடத்துலதான் எல பிதுங்கும், இங்கயும் அதே கததான். பிதுங்கி வர்றது வெறும் கொழுப்பா இருக்கலாம், குடலா இருக்கலாம், சில நேரம் மூத்திரப்பையோட ஓரம் கூட வந்துரும்.

பாரம் தூக்குனதாலதான் வந்துச்சின்னு எல்லாரும் சொல்லுவாங்க. லீக்ஸ் மூட்டை, உருளைக்கெழங்கு மூட்டை, உரம் சாக்கு தூக்குற ஆளுங்களுக்கு அதுல ஞாயம் இருக்கு, ஆனா பெரும்பாலும் பலவீனம் முன்னாடியே இருந்திருக்கும், பாரம் அத வெளிய காட்டிக் குடுக்கும், அவ்வளவுதான். நான் பாக்குற அளவுல நம்ம பக்கத்துல ஆளுங்க மறந்து போறது இருமல. லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) குசினியில வெறகு பொகை, குளிரு, பீடி, சுருட்டு, எல்லாம் சேந்து வருஷக்கணக்கா இருமிக்கிட்டே இருப்பாங்க, ஒவ்வொரு இருமலும் அந்த செவர உள்ள இருந்து இடிக்குது. பீடி சிகரெட்டு இதுக்கு மேல தசைநாரயும் பலவீனமாக்கும். மலச்சிக்கல்ல முக்குறது, வயசான ஆம்பளைங்க ப்ரொஸ்டேட் வீங்கி மூத்திரம் போக முக்குறது, அடுத்தடுத்து பிள்ள பெத்தது, ஒடம்பு எடை, ஈரல் கெட்டு வயித்துல தண்ணி கட்டுறது, அப்பாவுக்கு இருந்தா மகனுக்கு வர்றது, இதெல்லாமும் காரணந்தான். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா ஹெர்னியாவ பாக்குறதுக்கு முன்னாடி சளிய டெஸ்ட் பண்ணி காசநோய் இல்லன்னு பாத்துக்கங்க.

வீட்டுலயே பாக்குறது எப்பிடி

காலையில எந்திரிச்ச ஒடனே பாத்தா ஒண்ணும் தெரியாது, ராவெல்லாம் படுத்திருந்ததுல உள்ள போயிருக்கும். வேல முடிஞ்சி வந்து அந்திக்கு, வெளிச்சம் இருக்குற எடத்துல நின்னுக்கிட்டு பாருங்க. தொடையும் வயிறும் சேர்ற மடிப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கா, ஒரு பக்கம் மேடா இருக்கா. கைய மேல லேசா வச்சிக்கிட்டு இருமிப் பாருங்க, வெரல எதாவது தட்டுதுன்னா அதுதான் டொக்டரும் தேடுற அடையாளம். பொறவு மல்லாக்க படுங்க. தானா உள்ள போகுதா, லேசா தடவுனா போகுதா, போகும்போது களகளன்னு சத்தம் வருதா (சத்தம் வந்தா உள்ள குடல் இருக்குதுன்னு அர்த்தம்), இல்ல அப்பிடியே நிக்குதா. வலிக்கிற கட்டிய மட்டும் அமுக்கி உள்ள தள்ளப் பாக்கக்கூடாது.

அப்புறம் எடத்த குறிச்சிக்கங்க. அடிவயித்துக்கு கீழ நடுவுல ஒரு எலும்பு தட்டுப்படும், அதுக்கு கொஞ்சம் ஓரத்துல சின்ன முடிச்சு மாதிரி ஒண்ணு வெரலுக்கு அகப்படும். கட்டி அந்த முடிச்சுக்கு மேல, உள்பக்கமா இருக்கா, இல்ல அதுக்கு கீழ, வெளிப்பக்கமா தொடைப் பக்கம் சாஞ்சி இருக்கா? இந்த வித்தியாசத்துலதான் பெரிய விஷயமே இருக்கு. ஒடம்பு கொஞ்சம் பெருத்த ஆளுங்களுக்கு இத நிச்சயமா சொல்ல முடியாது, டொக்டர்மாரே சில நேரம் தடுமாறுவாங்க, அதனால நீங்களா முடிவு கட்ட வேணாம், குறிப்பு மட்டும் எடுத்துக்கங்க. இன்னொரு வேலயும் செய்ங்க, கட்டி நல்லா தள்ளி நிக்கும்போது போன்ல ஒரு படம் எடுத்து வச்சிக்கங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. கிளினிக்ல படுக்க வச்சி பாக்கும்போது கட்டி காணாம போயிரும், "ஒண்ணும் இல்லையே" ன்னு திரும்பி வந்த ஆளுங்க நெறைய பேரு.

மடிப்புக்கு மேல வர்றது

வயித்துச் செவருல வர்ற ஹெர்னியாவுல நாலுல மூணு பங்கு தொடையிடுக்கு பக்கந்தான், அதுலயும் கூடுதலா வர்றது இந்த வகை, இங்குவைனல் ஹெர்னியான்னு கிளினிக் கொப்பியில எழுதியிருப்பாங்க. இங்கிலாந்துல போட்ட ஒரு கணக்குல, வாழ்நாள்ல நூறு ஆம்பளையில 27 பேருக்கு இதுக்கு ஒபரேஷன் பண்ண வேண்டி வருதாம், பொம்பளைங்கள்ல 3 பேருக்கு. வலப்பக்கம் கொஞ்சம் கூட வரும்.

இதுலயே ரெண்டு. ஒண்ணு, விதை எறங்குன அந்த பழைய வழி மூடாம இருந்து அது வழியா வர்றது, இது பச்சப்பிள்ளைக்கும் வரும், எளந்தாரிக்கும் வரும், பெருசானா வெதப்பைக்குள்ளயே எறங்கிரும். மத்தது, வயசாகி தசை தளந்து செவரே முன்னால தள்ளிக்கிட்டு வர்றது, வட்டமா மேடா நிக்கும், பைக்குள்ள எறங்குறது அபூர்வம், குடல் உள்ள திரும்ப முடியாம சிக்கிக்கிற ஆபத்தும் கொறவு. வெளிய இருந்து பாத்து எது எதுன்னு பிரிக்கிறதால உங்களுக்கு ஒரு லாபமும் இல்ல, ரெண்டுக்கும் வைத்தியம் ஏறக்கொறைய ஒண்ணுதான்.

பிள்ளைங்க விஷயம் மட்டும் வேற. கைப்பிள்ள அழும்போது தொடையிடுக்குல கட்டி வருதுன்னா அது வளர வளர தானா மூடும்னு காத்திருக்கக்கூடாது, மூடாது. ஒரு வயசுக்குள்ள சிக்கிக்கிற ஆபத்து கூட, மாசம் நெறையாம பொறந்த பிள்ளைங்களுக்கு இன்னும் கூட. பொம்பளப் பிள்ளைக்கு வந்தா உள்ள சூலகமே எறங்கியிருக்கலாம். எடை போட வர்ற மிட்வைஃப் மிஸ்கிட்ட காட்டுங்க, அவங்க எழுதிக் குடுத்தா கிளினிக்ல சீக்கிரமா பாப்பாங்க.

மடிப்புக்கு கீழ வர்றது: இதத்தான் நல்லா படிக்கணும்

ஃபெமொரல் ஹெர்னியா. காலுக்கு போற பெரிய ரத்தக்குழாய்க்கு உள்பக்கமா ஒரு சின்ன சந்து இருக்கு, அது வழியா வரும். கட்டி சின்னதா இருக்கும், இருமுனாலும் பெருசா தட்டாது, பல பேருக்கு படுத்தாலும் உள்ள போகாது, அதனால ஹெர்னியான்னே தோணாது, நெறி கட்டியிருக்குன்னுதான் நெனப்பாங்க. ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்குத்தான் கூட வரும், அதுலயும் வயசான, மெலிஞ்ச ஒடம்புக்காரங்களுக்கு. (பொம்பளைங்களுக்கும் மேல சொன்ன வகைதான் எண்ணிக்கையில கூட, ஆனா அவசரமா ஒபரேஷன் தியேட்டருக்கு போறதுல இது முன்னால நிக்கும்.)

ஏன் இம்புட்டு பயம் காட்டுறேன்னா, அந்த சந்தச் சுத்தி இருக்குறது எலும்பும் விட்டுக் குடுக்காத நாரும். உள்ள போன குடல் வீங்குனா விரிய எடமே இல்ல, ரத்த ஓட்டம் நின்னுரும். லண்டன்ல 1991ல வந்த ஒரு ஆய்வுல, ஃபெமொரல் ஹெர்னியா வந்து மூணு மாசத்துக்குள்ள நூத்துக்கு 22 பேருக்கு இப்பிடி நெரிபட்டிருக்கு, 21 மாசத்துல அது 45 ஆகியிருக்கு. கிட்டத்தட்ட பாதிப்பேரு. அதே ஆய்வுல மடிப்புக்கு மேல வர்ற வகைக்கு மூணு மாசத்துல நூத்துக்கு 3 பேருக்கும் கொறவு.

நம்ம பக்கத்துல இது நடக்குற விதம் எனக்கு மனப்பாடம். அம்மாயிக்கு ரெண்டு நாளா வாந்தி. காஸ்ட்ரிக்னு ஒரு குளிசை, பொறவு இஞ்சி போட்டு பிளேன்டி, பொறவு வயித்துல எண்ண போட்டு குடல் தட்டி விடுறது. டிஸ்பென்சரியிலயும் சேலைக்கு மேலயே வயித்த அமுக்கிப் பாத்துட்டு விட்டுருவாங்க. மூணாவது நாளு வயிறு ஊதி, நாக்கு காஞ்சி, த்ரீவீல்ல போட்டுக்கிட்டு வருவாங்க. வாட்டுல திரைய இழுத்துட்டு உள்பாவாடைய கொஞ்சம் எறக்கச் சொன்னா, மடிப்புக்கு கீழ செவந்து கல்லு மாதிரி ஒண்ணு இருக்கும். "இது எப்பருந்து பாட்டி?" ன்னு கேட்டா "அது கெடக்கு மகளே, ரொம்ப நாளா, அது ஒண்ணும் செய்யாது" ன்னு சொல்லும். மகளுக்கும் தெரியாது, மருமகளுக்கும் தெரியாது, காட்ட வெக்கம்.

அதனால வயசான பொம்பளை ஒருத்தருக்கு வாந்தியும் வயித்து ஊதலும் சேந்து வந்தா, வீட்டுல இருக்குற இன்னொரு பொம்பளை ரெண்டு பக்க தொடையிடுக்கயும் துணிய வெலக்கிப் பாத்துரணும், அரை நிமிஷ வேல. அங்க கட்டி இருந்தா காத்திருக்க ஒண்ணும் இல்ல.

இன்னொரு சூதும் இருக்கு. சில நேரம் குடலோட முழு வட்டமும் சிக்காம ஒரு பக்கச் செவரு மட்டும் சந்துல மாட்டிக்கும், அப்ப வெளிய போறதும் காத்து பிரியிறதும் நடந்துக்கிட்டேதான் இருக்கும், ஆனா மாட்டுன எடம் அழுகிக்கிட்டு இருக்கும். வெளிய போச்சிதானேன்னு சமாதானம் ஆகிறாதீங்க.

தொப்புளும் அதுக்கு மேலயும்

கைப்பிள்ளைக்கு தொப்புள் துருத்திக்கிட்டு நிக்கிறது தொடையிடுக்கு மாதிரி இல்ல, பெரும்பாலும் நாலஞ்சி வயசுக்குள்ள தானா மூடிரும். இதுக்குப் போயி காசு வச்சி பிளாஸ்டர் ஒட்டுறது, துணி சுத்தி இறுக்குறது, பட்டன் வச்சி கட்டுறது எல்லாம் வேணாம், அதால மூடப்போறதும் இல்ல, அடியில தோல் புண்ணாகி சீழ் வச்சதுதான் மிச்சம். அஞ்சி வயசு தாண்டியும் இருந்தா, இல்ல நல்லா பெருசா இருந்தா காட்டுங்க.

பெரியவங்களுக்கு தொப்புள்லயோ அதுக்கு ஒட்டியோ வந்தா அது தானா மூடாது. மூணு நாலு பிள்ள பெத்தவங்க, எடை கூடுனவங்க, குடியால ஈரல் கெட்டு வயித்துல தண்ணி கட்டுனவங்க, இவங்களுக்குத்தான் கூட. தண்ணி கட்டுன வயித்துல இருக்குற தொப்புள் ஹெர்னியாவ ஒபரேஷன் பண்றது லேசுப்பட்ட காரியம் இல்ல, மொதல்ல தண்ணிய அடக்கணும், அதுக்கு மொதல்ல கசிப்ப (கள்ளச்சாராயத்த) விடணும், இத சொன்னா கோவம் வரும் ஆனாலும் சொல்லித்தான் ஆகணும்.

தொப்புளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுக்கோட்டுல பட்டாணி அளவுல ஒண்ணு வந்தா அது எபிகாஸ்ட்ரிக் ஹெர்னியா. பெரும்பாலும் உள்ள கொழுப்பு மட்டுந்தான் இருக்கும், ஆனா சைஸுக்கு சம்பந்தமே இல்லாம வலிக்கும், அதையும் காஸ்ட்ரிக்னு நெனச்சி குளிசை போட்டுக்கிட்டு இருப்பாங்க. பிள்ள பெத்த பொறவு படுத்து எந்திரிக்கும்போது நடுவயித்துல நீட்டுக்கு ஒரு மேடு வரும், வலி இருக்காது, ஓட்டையும் இருக்காது. அது ரெண்டு பக்க தசையும் வெலகியிருக்குறது, ஹெர்னியா இல்ல, குடல் சிக்காது, பயப்பட வேணாம்.

பழைய தையல் மேல

வயித்த தொறந்து செஞ்ச ஒபரேஷன்ல நூத்துக்கு பத்து பதினஞ்சி பேருக்கு பிற்பாடு அந்த தழும்புல ஹெர்னியா வருது. நடுவுல நீட்டுக்கு கீறுன தழும்புல கூட வரும், சிசேரியனுக்கு கீழ குறுக்க கீறுறதுல கொறவு. தையல் எடம் சீழ் வச்சிருந்தா, சீனி வருத்தம் இருந்தா, தையல் ஆறுறதுக்கு முன்னாடியே வெறகு தூக்குனா, தண்ணி கொடம் தூக்குனா, இருமிக்கிட்டே இருந்தா வாய்ப்பு ஏறும். வருஷம் கழிச்சிக்கூட வரும், அதனால "அது பழைய ஒபரேஷன், அதுக்கும் இதுக்கும் என்ன" ன்னு இருக்காதீங்க. இது வளந்துக்கிட்டே போகும், பெருசாகப் பெருசாக மூடுறதும் கஷ்டம், அதனால முடிஞ்ச அளவு சின்னதா இருக்கும்போதே காட்டுறது நல்லது.

கையில அகப்படாதது

வயித்துக்கு சைடுல, நடுத்தசையோட வெளி ஓரத்துல, தொப்புள் மட்டத்துக்கு கொஞ்சம் கீழ வர்ற ஸ்பைஜீலியன்னு ஒண்ணு இருக்கு, தசைக்கு நடுவுலயே ஒளிஞ்சிக்கிறதால ஸ்கேன்ல தான் தெரியும். நல்லா மெலிஞ்ச வயசான பொம்பளைங்களுக்கு இடுப்பெலும்புல இருக்குற ஒரு தொளை வழியா வர்ற ஒப்டுரேட்டர் ஹெர்னியா இன்னும் மோசம், வெளிய கட்டியே தெரியாது, தொடையோட உள்பக்கம் முழங்கால் வரைக்கும் வலியும் வாந்தியும் மட்டும் இருக்கும். முதுகுப் பக்கம் வர்றதும் இருக்கு, ரொம்ப அபூர்வம்.

ஹயாட்டஸ் ஹெர்னியான்னு எண்டொஸ்கோப்பி ரிப்போட்ல பாத்து பயந்து வர்றவங்களுக்கு: அது இந்த கூட்டத்துல சேராது. எரப்பையோட மேல்பக்கம் நெஞ்சுக்கூட்டுக்குள்ள ஏறி நிக்கிறது, நெஞ்செரிச்சல் புளிச்சேப்பம் வரும், வெளிய கட்டி வராது. முக்காவாசி பேருக்கு குளிசையும், ராத்திரி நேரத்தோட சாப்புடுறதும், சாப்புட்ட ஒடனே படுக்காம இருக்குறதுமே போதும்.

ஹெர்னியா மாதிரியே இருக்கும், ஆனா இல்ல

வெதப்பை வீங்கியிருந்தா அது ஹெர்னியாவும் இருக்கலாம், தண்ணி சேந்த ஹைட்ரோசீலும் இருக்கலாம். வீக்கத்துக்கு மேல வெரல வச்சி சேத்துப் பிடிக்க முடிஞ்சா, அதாவது வீக்கம் மேல வயித்தோட தொடராம பையிலயே முடிஞ்சா, பெரும்பாலும் தண்ணிதான். இருட்டுல டோர்ச் அடிச்சா தண்ணி செவப்பா ஒளிரும், ஆனா கைப்பிள்ளைக்கு இந்த டோர்ச் சோதனைய நம்பக்கூடாது, பிள்ளையோட குடலும் மெல்லிசா இருக்குறதால ஒளிரும். யானைக்கால் புழுவாலதான் பை வீங்குதுன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க, அது கரையோரத்து நோயு, பொதுசுகாதாரப் பிரச்சினைங்கிற அளவுக்கு இலங்கையில அது இல்லாம போயிருச்சின்னு 2016ல உலக சுகாதார நிறுவனமே சொல்லிருச்சி. கால்ல புண்ணு இருந்தா, அட்டை கடிச்சத சொறிஞ்சி புண்ணாக்கிக்கிட்டாலும், தொடையிடுக்குல நெறி கட்டும், அது பல நேரம் உருட்டுனா நகரும், புண்ணு ஆறுனா கொறையும். திடீர்னு ஒரு பக்க விதை பயங்கரமா வலிச்சி வீங்குனா, முக்கியமா பன்னெண்டு பதினெட்டு வயசுப் பையனுக்கு, அது விதை முறுக்கிக்கிட்டதா இருக்கலாம், ஆறு மணித்தியாலத்துக்குள்ள தியேட்டருக்கு போகணும், விடியட்டும்னு இருக்கக்கூடாது.

எப்ப ஓடணும்

வழக்கமா உள்ள போற கட்டி இன்னைக்கு போகல, கெட்டியா இருக்கு, தொட்டா வலிக்குது. வாந்தி வருது. வயிறு ஊதுது, காத்து பிரியல, வெளிய போகல. மேல தோல் செவந்தோ நீலம் பாஞ்சோ இருக்கு. காய்ச்சல், நெஞ்சு படபடப்பு. இதுல எல்லாம் சேந்து வரணும்னு இல்ல, வலியோட கட்டி உள்ள போகாம நின்னாலே போதும். ரத்தம் நின்னு போன குடலு சில மணித்தியாலத்துல செத்துரும்.

அப்ப செய்யக்கூடாதது: நீவக்கூடாது, எண்ண போட்டு உருவக்கூடாது, குடல் தட்டக்கூடாது, சுடுதண்ணி ஒத்தடம் வேணாம், பேதி மருந்து குடுக்கவே கூடாது. வாயால ஒண்ணும் வேணாம், பிளேன்டி கூட வேணாம், தியேட்டருக்கு போக வேண்டி வந்தா வயிறு காலியா இருக்கணும். 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும், ஆனா மேல்கணக்குல (தோட்டத்தோட மேல் டிவிஷன்ல) சிக்னல் இல்லாத லயங்கள் இருக்கு, ரோட்டு மோசமா இருந்தா வண்டி மேல வரைக்கும் ஏறாது, அப்ப தோட்டத்து லொறியோ த்ரீவீலோ பிடிச்சி மெயின் ரோட்டுக்கு கொண்டு வந்து நிக்கிறதுதான் வேகம். சர்ஜன் இருக்குற ஆஸ்பத்திரிக்கே போகப் பாருங்க, நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை, உங்களுக்கு எது கிட்டயோ அது. கிராமத்து ஆஸ்பத்திரிக்கு போயி அங்கருந்து டிரான்ஸ்ஃபர் ஆகி வர்றதுல பாதி ராத்திரி போயிரும்.

சிங்களம் சரியா வராதவங்க ரெண்டு மூணு சொல்ல மனசுல வச்சிக்கங்க: வலிக்கு "வேதனாவ", வாந்திக்கு "வமனய", உள்ள போகலன்னு சொல்ல "எதுலட்ட யன்னே நே". அந்த கடைசி வாக்கியத்த கேட்டா ஓ.பி.டியில (வெளிநோயாளர் பிரிவுல) இருக்குற டொக்டர் நிமிந்து பாப்பாரு.

அவசரம் இல்லன்னா கிளினிக்

ஓ.பி.டியில காட்டி துண்டு எழுதி வாங்கி சர்ஜிக்கல் கிளினிக்குக்கு போகணும். பிரஷர் சீனிக்கு பாக்குற கிளினிக் கொப்பியும் குளிசை பக்கெட்டுகளயும் கையோட கொண்டு போங்க. எஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் மாதிரி ரத்தத்த எளக்குற குளிசை குடிக்கிறீங்கன்னா வாய தொறந்து சொல்லணும், நீங்களா நிப்பாட்டக்கூடாது, எப்ப நிப்பாட்டணும்னு அவங்க சொல்லுவாங்க. மூத்திரம் தடைபடுதா, ராவுல எத்தன தரம் எந்திரிக்கிறீங்க, இருமல் இருக்கா, இதையும் சொல்லுங்க, ஏன்னா அத சரி பண்ணாம ஹெர்னியாவ மட்டும் தச்சா திரும்ப வரும். பொம்பளைங்க, தொட்டுப் பாக்கும்போது ஒரு நர்ஸ் மிஸ் பக்கத்துல நிக்கணும்னு கேக்கலாம், கேக்குறதுல தப்பே இல்ல. பெரும்பாலும் கையால பாத்தே சொல்லிருவாங்க, சந்தேகம் இருந்தா ஸ்கேன்.

எல்லாருக்கும் உடனே ஒபரேஷனான்னா, இல்ல. மடிப்புக்கு மேல வர்ற வகை, ஆம்பளை, வலி இல்ல, உள்ள போகுதுன்னா பாத்துக்கிட்டு இருக்கலாம். அமெரிக்காவுல 2006ல வந்த ஆய்வுல இப்பிடி காத்திருந்தவங்கள்ல வருஷத்துக்கு ஆயிரத்துல ரெண்டு பேருக்கும் கொறவாத்தான் திடீர்னு சிக்கியிருக்கு. ஆனா பத்து வருஷத்துல நூத்துக்கு 68 பேரு கடைசியில ஒபரேஷனுக்குத்தான் போயிருக்காங்க, முக்கியமா வலி கூடிப்போயி. கான் வெட்டுறவங்க, முள்ளு குத்துறவங்க, கவ்வாத்து வெட்டுறவங்க மாதிரி தோட்டத்துல கஷ்டமான வேல செய்யிறவங்களுக்கு, என் அபிப்பிராயம், தெம்பு இருக்கும்போதே செஞ்சிக்கிறது லாபம். மடிப்புக்கு கீழ வந்ததுக்கும், பொம்பளைங்களுக்கு தொடையிடுக்குல வந்த எதுக்கும் இந்த காத்திருக்குற கணக்கு பொருந்தாது. இடுப்புல கட்டுற பெல்ட்டு கட்டிய அமுக்கி வைக்குமே தவிர ஓட்டைய மூடாது, உள்ள போகாத கட்டிக்கு மேல கட்டுனா கெடுதல்.

ஒபரேஷன்

இத்தாலியில பாதுவா நகரத்து பாசினின்னு ஒரு சர்ஜன் 1887ல தசையயே இழுத்து அடுக்கி தைக்கிற முறைய கொண்டு வந்தாரு, நூறு வருஷம் அதுதான் ஓடுச்சி. இழுத்து தைக்கிறதால வலியும் கூட, திரும்ப வர்றதும் கூட. 1980கள்ல அமெரிக்காவுல லிக்டென்ஸ்டைன் இழுக்காம மேல ஒரு வலைய வச்சி தைக்கிறத பரப்புனாரு, இப்ப பெரியவங்களுக்கு கூடுதலா செய்யிறது இதுதான். வலைன்னதும் பயந்துக்குறாங்க, அது மெல்லிசான பொலிப்ரொப்பிலீன் நூல்ல பின்னுனது, ஒடம்பு அதுக்குள்ளயே தசைநார வளத்துக்கும், எடுக்க வேண்டியதில்ல. சின்னத் தொளை போட்டு கெமராவுல செய்யிறதும் இருக்கு, ரெண்டு பக்கமும் வந்தவங்களுக்கும் ஒருக்கா செஞ்சி திரும்ப வந்தவங்களுக்கும் அது வசதி. பிள்ளைங்களுக்கு வலை கெடையாது, பிதுங்குன சவ்வுப் பைய கட்டி விடுறதோட முடிஞ்சிது.

அரச ஆஸ்பத்திரியில ஒபரேஷனுக்கு காசு இல்ல, ஆனா வரிசை நீளம், திகதிய தவற விட்டா திரும்ப வாலுல நிக்கணும். பெரும்பாலும் முதுகுல ஊசி போட்டு இடுப்புக்கு கீழ மரத்துப்போக வச்சி செய்வாங்க, முழிச்சிக்கிட்டே இருப்பீங்க. சாப்பாடு ஆறு மணித்தியாலத்துக்கு முன்னாடி நிப்பாட்டணும், பால் டீயும் சாப்பாட்டு கணக்குதான். பீடிய நாலஞ்சி வாரத்துக்கு முன்னாடியே விட்டா இருமலும் கொறையும் புண்ணும் சுருக்கா ஆறும். சளி இருமலோட வந்தா திருப்பி அனுப்பிருவாங்க, கோவிச்சிக்காதீங்க.

வீட்டுக்கு வந்த பொறவு

அன்னைக்கோ மறுநாளோ எழும்பி நடக்கணும், படுத்தே கெடந்தா கால்ல ரத்தம் கட்டும். மொதல்ல மூத்திரம் போகுதான்னு வாட்டுல கேட்டுக்கிட்டே இருப்பாங்க, முதுகு ஊசிக்கு பொறவு சில ஆம்பளைங்களுக்கு அடைச்சிக்கும். வெதப்பை கொஞ்சம் வீங்கி நீலமா இருக்குறது சகஜம், ரெண்டு மூணு வாரத்துல வத்திரும். இருமும்போது தும்மும்போது தையல் மேல உள்ளங்கைய அண்டக் குடுங்க. பப்பாசிப்பழம், கீரை, தண்ணி, முக்காம வெளிய போகணும், அதுக்கு என்ன தேவையோ அது. லயத்துப் படி ஏறி எறங்கலாம், மெதுவா. தையல் எடம் செவந்து சீழ் வந்தா, காய்ச்சல் வந்தா, வீக்கம் நாளுக்கு நாள் கூடுனா தேதி வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்காம போங்க.

வேல விஷயந்தான் சண்டை வர்ற எடம். ஒரு வாரம் ரெண்டு வாரத்துல லேசான வேல செய்யலாம், பாரம் தூக்குறது நாலுலருந்து ஆறு வாரத்துக்கு இல்ல, வயித்து நடுவுல பெரிய தையல் ஹெர்னியா செஞ்சவங்களுக்கு ரெண்டு மூணு மாசம். மழ நாள்ல நனைஞ்ச கொழுந்து கூடை என்ன எடைன்னு டொக்டருக்கு தெரியாது, "கொழுந்து எடுக்குறேன்" ன்னு மட்டும் சொன்னா அது லேசான வேலன்னு நெனச்சிக்கலாம். கூடையோட செங்குத்து மலையில ஏறுவேன், மூட்டைய நிறுக்குற எடத்துக்கு தூக்கிக்கிட்டு போவேன்னு விளக்கிச் சொல்லி, எத்தன வாரத்துக்கு பாரம் தூக்கக்கூடாதுன்னு எழுத்துல வாங்கிக்கங்க. அத தோட்டத்து ஒபிஸ்ல குடுத்து தவறணையில (தேயில நாத்து வளக்குற எடத்துல) எதாவது வேல கேளுங்க, கெடைக்கிற எடமும் இருக்கு, கெடைக்காத எடமும் இருக்கு, காயிதம் இல்லாம கேட்டா எங்கயும் கெடைக்காது. பேரு விழுகலன்னு (நாள் சம்பளம் கெடைக்கலன்னு) ரெண்டாவது வாரமே கூடைய மாட்டிக்கிட்டு போனவங்க வலை நகந்து திரும்ப வந்தத பாத்திருக்கேன்.

தழும்பு பக்கம் மரத்த மாதிரி இருக்குறது பல மாசம் இருக்கும். பத்துல ஒருத்தருக்கு வலி மூணு மாசத்துக்கு மேலயும் இழுக்கும், அப்பிடி இருந்தா கிளினிக்ல சொல்லுங்க, அதுக்கும் வைத்தியம் இருக்கு. டயக்னோசிஸ் கார்ட (வாட்டுலருந்து வீட்டுக்கு அனுப்பும்போது குடுக்குற அட்டைய) தண்ணி படாம பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு வைங்க, அதுல எந்தப் பக்கம், என்ன வகை, வலை வச்சதா இல்லையான்னு எழுதியிருக்கும், நாளைக்கு கொழும்புக்கு வேலைக்கு போன எடத்துல மத்தப் பக்கம் ஒரு கட்டி வந்தா அங்க இருக்குற டொக்டர் மொதல்ல கேக்குறது அதத்தான்.